வடகடல் இடப்பக்கம் இருக்க வேண்டும்: பன்னெல்லத்தோடு சில வருடங்கள்

பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிக்கொண்டிருந்த காலத்திலிருந்தே எங்கள் கடற்கரையை 360 பாகைப் படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று கோத்து வைத்துவருகிறேன். நடக்க முடியாத பெரியவர்களும் வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகளும் போனிலேயே பாம்பனிலிருந்து தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை போய்வர வேண்டும் என்பதுதான் ஆசை. இதற்கு நான் பயன்படுத்துவது பன்னெல்லம் என்ற இலவசத் திறமூல மென்பொருள். இத்தனை காலம் பழகியதில் எனக்கு உறுதிப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. படம் எவ்வளவு தெளிவு என்பது இரண்டாவதுதான். ஒரு படத்திலிருந்து அடுத்ததற்குள் நுழையும்போது பார்ப்பவர் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறார் என்பதுதான் முதல்.

தனுஷ்கோடிச் சாலையில் போனவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். முனையை நோக்கிப் போகையில் இடப்பக்கம் பாக் விரிகுடா, வலப்பக்கம் மன்னார் வளைகுடா. ஒன்று பெண் கடல், இன்னொன்று ஆண் கடல் என்பார்கள். மீனவர்களிடம் கேட்டால் வடகடல், தென்கடல். நடுவில் மணல். திசையைச் சொல்ல இந்த இரண்டு கடலைத் தவிர அங்கே பெரிதாக எதுவும் கிடையாது.

ஆரம்பத்தில் வேறொரு கருவியை முயன்றேன். படங்களை ஏற்றி, மவுஸால் சொடுக்கி அம்புக்குறி வைத்தால் போதும், எல்லாவற்றையும் அதுவே செய்துவிடும். செய்து முடித்ததைத் தங்கச்சிமடத்தில் ஒரு மாமாவிடம் காட்டினேன். வாழ்நாளெல்லாம் கடலுக்குப் போனவர். இரண்டு அம்புக்குறி தாண்டியதுமே நிறுத்திவிட்டார். “ஏப்பா, முனைக்குப் போறப்ப வடகடல் இடக்கைப் பக்கம்ல இருக்கணும்? இதுல வலக்கைப் பக்கம் வந்துருச்சே” என்றார். காரணம் எளிது. அந்தக் கருவியில் ஒவ்வொரு படத்துக்கும் தொடக்கப் பார்வை ஒன்றே ஒன்றுதான். தனுஷ்கோடியின் பழைய தேவாலயத்திலிருந்து வந்தாலும் முனையிலிருந்து திரும்பி வந்தாலும் அதே பக்கம் பார்த்துத்தான் நிற்க வேண்டும். போகும்போது சரியாக இருப்பது, திரும்பும்போது தலைகீழாகிவிடும்.

பன்னெல்லத்தில் ஒவ்வொரு ஹாட்ஸ்பாட்டுக்கும், அதாவது படத்தின் மேல் நாம் வைக்கும் தொடுகுறிக்கும், தனித்தனியாக இதைச் சொல்லலாம். படத்தின் நடுவை சுழி என்று வைத்து, இட வலமாக எத்தனை பாகை என்பதை அது யா என்கிறது. மேல் கீழாக எத்தனை என்பது பிட்ச். ஹாட்ஸ்பாட் எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு இந்த இரண்டு எண்கள் போதும். எந்தப் படத்துக்குப் போக வேண்டும் என்பதோடு, போய் இறங்கியதும் எந்த யாவில் நிற்க வேண்டும் என்பதையும் டார்கெட்யா என்ற வரியில் எழுதலாம். அந்த இடத்தில் எண்ணுக்குப் பதிலாக சேம்அசிமத் என்று எழுதினால், இந்தப் படத்தில் பார்த்துக்கொண்டிருந்த அதே திசையை அடுத்த படத்திலும் அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். தெற்கைப் பார்த்துக்கொண்டே சொடுக்கினால் தெற்கைப் பார்த்தே போய் இறங்குவோம். என்னைக் கேட்டால், இந்த மென்பொருளை வைத்துக்கொள்ள இது ஒன்றே போதும்.

இதற்கு ஒரு முன்வேலை உண்டு. ஒவ்வொரு படத்தின் நடுவும் வடக்கிலிருந்து எத்தனை பாகை விலகியிருக்கிறது என்று நார்த்ஆஃப்செட்டில் கொடுக்க வேண்டும். கேமராவின் திசைகாட்டியை நான் நம்புவதில்லை. படத்தில் தெரியும் ஒரு பொருளுக்கு வரைபடத்தில் எத்தனை பாகை என்று அளந்து கணக்கிடுகிறேன். ராமேஸ்வரம் பக்கம் 323 மீட்டர் உயரத் தொலைக்காட்சிக் கோபுரம் இருப்பது பெரிய வசதி. தனுஷ்கோடியில் அந்தச் சாலையே அளவுகோல். படத்துக்கு ஒரு தடவை இதைச் செய்துவிட்டால், அப்புறம் எத்தனை இணைப்பு வைத்தாலும் திசைக்காகத் தனியாகக் கணக்குப் போட வேண்டியதில்லை.

இதே வசதி எதிர்பாராத ஒரு பயனையும் தந்தது. ஒரே இடத்தை வெவ்வேறு காலத்தில் எடுத்து, அவற்றையும் ஹாட்ஸ்பாட்டால் கோத்துவிட்டேன். அரிச்சல்முனையில் வாடை (வடகிழக்குக் காற்று) காலத்து மணல் திட்டும் கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்துத் திட்டும் ஒரே வடிவத்தில் இருப்பதில்லை. முனையைப் பார்த்தபடி ஒரு சொடுக்கு, பருவம் மாறுகிறது, பார்வை அசைவதில்லை. பாம்பனிலும் அப்படித்தான். 1914இல் திறந்த பழைய பாலம் மட்டும் நிற்கும் படம் ஒன்று. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த, நடுப்பகுதி செங்குத்தாக மேலே எழும் புதிய பாலமும் சேர்ந்து நிற்கும் படம் இன்னொன்று. புதிது எடுத்ததும் பழைய படத்தை அழித்துவிடாதீர்கள் என்று இதைச் செய்கிற எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். சொடுக்கி வைக்கிற திரை பன்னெல்லத்தில் கிடையாது; எல்லாம் ஜேசன் என்ற உரைக் கோப்பில் கையால் எழுதுவதுதான். ஹாட்ஸ்பாட்டிபக் என்பதை இயக்கினால் நாம் சொடுக்கிய இடத்தின் பிட்ச், யா இரண்டும் உலாவியின் கன்சோலில் (நிரலாளர்களுக்கான செய்திப் பலகையில்) வரும். அதை எடுத்து ஒட்டலாம். கோப்பை நேரடியாக இரட்டைச் சொடுக்கில் திறந்தால் படம் வராது, கணினியில் ஒரு சிறு சர்வர் ஓட வேண்டும். பைத்தான் என்ற நிரல்மொழி கணினியில் இருந்தால் ஒரு வரி வேலை. பெரிய படங்களைத் துண்டுகளாக வெட்ட பைத்தானோடு ஹியூகின் என்ற பனோரமா மென்பொருளும் தேவைப்படும். நிரல் என்றாலே ஒதுங்குகிறவர்களுக்கு இது ஒத்துவராது.

போனில் இன்னொரு சங்கடம். ஹாட்ஸ்பாட்டின் பெயர் மவுஸை மேலே கொண்டுபோனால்தான் தெரியும். போனில் மவுஸ் ஏது? தொட்டால் உடனே அடுத்த படம். எங்கே போகிறோம் என்று தெரியாமலே போய்விடுகிறார்கள். பெயர் எப்போதும் தெரியும்படி, பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் மாற்றிக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்துக்கு எந்தத் தொல்லையும் இல்லை. படத்தை ஏற்றும் பொத்தானின் சொற்களைக்கூடத் தமிழில் மாற்றலாம்.

இரண்டு படங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் விடலாம் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 5376 புள்ளி அகலப் படத்தில் ஒரு பாகைக்குச் சுமார் 15 புள்ளிகள். நூறு மீட்டர் தள்ளி நிற்கும் ஐந்து மீட்டர் வள்ளம் மூன்று பாகைகூட வராது, நாற்பத்துச் சொச்சம் புள்ளிதான். அம்புக்குறி காட்டும் இடம் கண்ணுக்குத் தெரிந்தால்தான் அங்கே போகத் தோன்றும். அதனால் 1964 புயலில் சிதைந்த தேவாலயத்தைச் சுற்றி நெருக்கமாகவும், வெறும் சாலையில் தள்ளித் தள்ளியும் எடுக்கிறேன். இரட்டை லென்ஸ் கேமராவில் தையல், அதாவது இரு லென்ஸின் படங்களும் சேரும் கோடு, விழுவது இரண்டு பக்கவாட்டிலும்தான். தேவாலயத்துக்குள் நிற்கும்போது ஒரு லென்ஸ் சுவரைப் பார்த்திருக்கட்டும், தையல் திறந்த வெளியில் விழட்டும். கேமரா கொஞ்சம் சாய்ந்தாலும் கடல்கோடு அலையாய் வளைந்து காட்டிக்கொடுத்துவிடும். ஹாரிசான்பிட்ச், ஹாரிசான்ரோல் எண்களால் அதை நேராக்கலாம். கச்சான் அடிக்கிற நாளில் ஸ்டாண்டில் மணல் பை கட்டாமல் விடவே கூடாது.

360 கேமராவுக்குப் பின்பக்கம் என்று ஒன்று இல்லை. பாசி எடுத்துக் கரையேறும் அக்காமார் நாம் வேறெங்கோ பார்க்கிறோம் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் படத்தில் இருப்பார்கள். முதலில் கேட்டுவிட்டு எடுப்பதுதான் மரியாதை. ராமநாதசுவாமி கோயிலுக்குள் படமெடுக்க அனுமதி இல்லாததால் என் பாதை கிழக்குக் கோபுர வாசலோடு நிற்கிறது. 1212 தூண்கள் கொண்ட மூன்றாம் பிரகாரத்தைப் பற்றி ஒரு தகவல் ஹாட்ஸ்பாட் மட்டும் அங்கே வைத்திருக்கிறேன். அதைத் தொட்டுவிட்டு அக்னி தீர்த்தத்துக்குத் திரும்ப வேண்டியதுதான்.

இப்போது காரங்காடு அலையாத்திக் காட்டில் வேலை நடக்கிறது. படகு நிற்காமல் திரும்பிக்கொண்டே இருக்கும். இரு பக்கமும் ஒரே பச்சை, வரைபடத்தில் அளக்க ஒரு பொருள் அகப்படாது. அங்கே மட்டும் சேம்அசிமத்தை விட்டுவிட்டு, அணியம் (படகின் முன்புறம்) எந்தப் பக்கமோ அந்த யாவை ஒவ்வொரு இணைப்பிலும் கையால் எழுதுகிறேன்.