மீன் ஜூஸ் குடித்த விருந்தாளி: டோகா கிச்சன் 2, இரண்டு வருட அனுபவம்

மகளுக்கு நாலு வயதானபோது டேப்லெட்டில் டோகா கிச்சன் 2 போட்டுக் கொடுத்தேன். இப்போது ஆறு முடிந்துவிட்டது. இடையில் எத்தனையோ சமையல் விளையாட்டுகள் வந்து போயின. இதை மட்டும் அழிக்க விடமாட்டேன் என்கிறாள்.

சுவீடனைச் சேர்ந்த டோகா போகா என்ற நிறுவனம் இதை 2014-இல் வெளியிட்டது. ஃப்ரிட்ஜைத் திறந்து கைக்குக் கிடைத்ததை எடுத்து வெட்டலாம், வதக்கலாம், பொரிக்கலாம், ஜூஸ் போடலாம். அப்புறம் எதிரே உட்கார்ந்திருக்கும் விருந்தாளிக்கு ஊட்ட வேண்டியதுதான். மதிப்பெண் கிடையாது, நேரக் கெடு கிடையாது. இதில் விளையாட்டு எங்கே இருக்கிறது என்று முதல் நாள் எனக்கே புரியவில்லை.

அது விருந்தாளியின் முகத்தில் இருக்கிறது. ஒரு முழு மீனை ஜூஸ் போட்டு நீட்டினாள். அவர் முகத்தைச் சுளித்ததும் இவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்று முழுக்க மீன் ஜூஸ்தான். ஐந்து வயதில் ஆட்டம் மாறியது. "இவருக்கு இப்படிப் பிடிக்காது, இன்னும் கொஞ்சம் வதக்கறேன்" என்று தனக்குள் பேசிக்கொண்டே சமைத்தாள். விளையாட்டு அப்படியேதான் இருந்தது, இவள்தான் வளர்ந்திருந்தாள்.

இன்னொரு விளையாட்டு (பெயர் வேண்டாம்) அம்புக்குறி காட்டும்: முட்டையை உடை, கலக்கு, மூன்று நட்சத்திரம். நாலே நாளில் சலித்துவிட்டது. அதைவிடத் தொல்லை, வெளியேறும் பொத்தானைத் திரையின் கீழ் மூலையில் வைத்திருந்தார்கள். சின்னப் பிள்ளைகள் டேப்லெட்டை இரண்டு கையாலும் பிடிக்கும்போது கட்டைவிரல் சரியாக அங்கேதான் படியும். பாதி கேக்கில் எல்லாம் மறைந்து, "அப்பா, போயிடுச்சு" என்று அழுதுகொண்டு வருவாள். செய்தவர்கள் ஒரு நாலு வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்துப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

இரண்டு முதல் நாலு வயதுப் பிள்ளைகளுக்கு நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. எங்கள் வீட்டில் அரை மணி. லெவல் என்ற ஒன்று இல்லாததால் "இந்த லெவல் மட்டும்" என்ற கெஞ்சலும் இல்லை. விருந்தாளி சாப்பிட்டு முடித்தால் கடை மூடல்.

ஒரு எச்சரிக்கை. போன ஞாயிறு கழுவி வைத்திருந்த வஞ்சிரத் துண்டு ஒன்றை மிக்ஸி ஜாரில் போட்டு, மூடியையும் அழுத்தி மூடியிருந்தாள். நல்லவேளை, சுவிட்ச் எட்டவில்லை.