எக்ஸ்சேஞ்சுக்குப் போன போன்

நாலு வருடம் கையிலேயே இருந்த ஆண்ட்ராய்டு போனை ஒரு வழியாக எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டேன். போனைப் பற்றிக் குறை சொல்ல அதிகமில்லை. கேமரா கடைசி வரை கைவிடவில்லை. பேட்டரிதான் மூன்றாம் வருடத்திலேயே மதியத்துக்குள் படுத்துவிட ஆரம்பித்தது. லித்தியம் அயன் பேட்டரி சில நூறு தடவை ஏறி இறங்கினால் தளர்ந்துதான் போகும். ராத்திரி முழுக்க சார்ஜில் போட்டு வைக்கும் என் பழக்கத்துக்கும் அதில் பங்கு உண்டு.

இந்த முறை ஒரு வாரம் முன்பே வேலையைத் தொடங்கினேன். முந்தைய போனில் பட்ட சூடு அப்படி. அப்போது அவசர அவசரமாக பட்டன்களை அழுத்திப் பிடித்து, ரெக்கவரி மெனு வழியாக ரீசெட் அடித்துக் கொண்டுபோய் நீட்டினேன். வாங்கியவர் ஆன் செய்து பார்த்துவிட்டு, "சார், பழைய அக்கவுண்ட் கேட்குதே" என்றார். எனக்கோ பாஸ்வேர்ட் ஞாபகமில்லை. 2015இல் ஆண்ட்ராய்டு 5.1 வந்ததிலிருந்து இருக்கும் பூட்டு இது. திருடியவன் ரீசெட் அடித்தாலும் பயன்படுத்த முடியாதபடி செய்வதற்காக வைத்தது. அன்றைக்கு அதன் கண்ணுக்கு நான்தான் திருடன். செட்டிங்ஸில் போய் கூகுள் கணக்கை நீக்கிவிட்டு, அங்கிருந்தே ரீசெட் அடித்தால் இந்த வம்பே இல்லை. ஐபோனிலும் 2013இல் ஐஓஎஸ் 7 வந்தபோதே ஆக்டிவேஷன் லாக் வந்துவிட்டது. தொலைந்த போனைத் தேட உதவும் ‘ஃபைண்ட் மை’ வசதியை அணைக்காமல் கொடுத்தால் இதே கதைதான்.

இன்னொரு பொறி, படங்கள். கொடுக்கும் முன் கேலரியைச் சுத்தம் செய்வோம் என்று உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழிக்கத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். போனையும் கிளவுடையும் ஒரே மாதிரி வைத்திருக்கும் ஒத்திசைவு (சிங்க்) ஓடிக்கொண்டிருந்தால், போனில் அழித்தது கிளவுடிலும் அழிந்துவிடும். நான் நாற்பது ஐம்பது படங்களை அழித்த பிறகுதான் விழித்துக்கொண்டேன். நல்லவேளை, குப்பைத்தொட்டியில் கிடந்தன, மீட்டுவிட்டேன். எதையும் கையால் அழிக்க வேண்டியதில்லை. எல்லாம் கிளவுடுக்கோ கணினிக்கோ போய்ச் சேர்ந்ததா என்று வேறொரு சாதனத்தில் திறந்து பார்த்துவிட்டு, போனை மொத்தமாக ரீசெட் அடித்தால் போதும்.

ரீசெட் அடித்தாலும் தோண்டி எடுத்துவிடுவார்கள், அதனால் குப்பை வீடியோக்களை ஏற்றி நிரப்பி மறுபடி அழி என்று ஒரு நண்பர் சொன்னார். பழைய போன்களுக்கு அது சரியான பயம். ஆண்ட்ராய்டு 10 முதல் புதிதாக வரும் போன்கள் எல்லாமே தகவலைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்துதான் வைக்கின்றன. ரீசெட் அடிக்கும்போது அதன் சாவியே அழிந்துபோகிறது. சாவி இல்லாத பெட்டியை வைத்துக்கொண்டு யார் என்ன செய்ய?

உண்மையில் வாரம் முழுக்க நேரத்தைத் தின்றது ஓடிபி எண்கள் தரும் ஆத்தென்டிகேட்டர் செயலிதான். கூகுளின் செயலியில் 2023 முதல் கணக்கோடு சேமிக்கும் வசதி உண்டு. நானோ அதை ஆன் செய்யவே இல்லை. ஒவ்வொரு கணக்கையும் கியூஆர் மூலம் புதிய போனுக்கு மாற்றி, ஒவ்வொன்றிலும் ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. வங்கிச் செயலியும் புதிய போனில் மறுபடி பதிவு கேட்டது. பழைய போன் கையில் இருக்கும்போதே இதையெல்லாம் முடித்துவிட வேண்டும். வாட்ஸ்அப் பேக்கப்புக்குத் தனி பாஸ்வேர்ட் வைத்திருப்பவர்கள் அதையும் எங்காவது குறித்து வையுங்கள். மறந்தால் வாட்ஸ்அப்காரர்களாலும் திறந்து தர முடியாது.

வெளிப்புறத்துக்கு அரை மணி நேரம்தான் ஆனது. போனை அணைத்துவிட்டு, சார்ஜ் போடும் துளைக்குள் பல்குத்தும் மரக்குச்சியை மெதுவாக விட்டுச் சுரண்டினேன். கெட்டியாக இறுகிய பஞ்சு உருண்டை ஒன்று வந்தது, சட்டைப்பையின் நாலு வருடச் சேமிப்பு. அதன் பிறகு கேபிள் 'டக்'கென்று உட்கார்ந்தது. இத்தனை நாளாகக் கேபிளைத் திட்டிக்கொண்டிருந்தேன்! கீறல் விழுந்த டெம்பர்டு கிளாஸை உரித்தால் உள்ளே திரை புதிதுபோல் இருந்தது. அதைக் காட்டித்தான் எக்ஸ்சேஞ்சில் போனுக்கு ஒரு படி மேலான தரம் வாங்கினேன். *#06# அடித்தால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, அதாவது போனின் அடையாள எண்ணைக் குறித்துக்கொண்டேன். சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிட்டேன். போனுக்குள்ளேயே பதிவாகியிருக்கும் இசிம்மையும் நீக்கியாயிற்று.

கைக்கடிகாரத்தை மட்டும் மறந்துவிட்டேன். பழைய போனிலிருந்து பிரிக்காமலேயே கொடுத்துவிட்டதால், அது இன்னும் என் மணிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு அந்தப் போனையே தேடிக்கொண்டிருக்கிறது.