பல் எடுத்த இடத்தில் எலும்பு எவ்வளவு கரைந்தது? அச்சு, எக்ஸ்ரே, காலிப்பர், சிபிசிடி, ஸ்கேனர்: எது எதை அளக்கிறது

கல்லிடைக்குறிச்சிப் பக்கம் வயல் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவருக்குப் பிசான நடவு சமயத்தில் மேல் முன்கடைவாய்ப்பல் ஒன்றை எடுத்தேன். வேர் நெடுக்கக் கீறிப் போயிருந்தது, காப்பாற்ற வழியில்லை. அறுவடை முடிந்த கையோடு, இம்ப்ளாண்ட், அதாவது எலும்பில் பதிக்கும் செயற்கை வேர், வைக்கலாமா என்று கேட்க வந்தார். கண்ணாடியில் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "குழி நல்லா மூடிட்டுல்லா டாக்டரம்மா, பொறவு என்னத்த அளக்கப் போறிய?" என்றார்.

மேஜையில் இரண்டு ஸ்டோன் மாடல்களை, அதாவது வாயில் எடுத்த அச்சில் வார்த்த கெட்டி உருவங்களை, எடுத்து வைத்தேன். ஒன்று பல் எடுப்பதற்கு முன் எடுத்த அச்சு, இன்னொன்று அன்றைக்கு எடுத்தது. இரண்டையும் மேலிருந்து பார்க்கும்படி திருப்பியதும் அவருக்கே தெரிந்துவிட்டது. முதலாவதில் கன்னத்துப் பக்கம் புடைத்திருந்த இடம் இரண்டாவதில் உள்வாங்கியிருந்தது. "வரப்ப ஒரு பக்கமா வெட்டி விட்ட மாதிரில்லா இருக்கு" என்றார்.

வரப்புக்கு உயரமும் உண்டு, அகலமும் உண்டு. தூரத்தில் நின்று பார்த்தால் உயரம் தெரியும். மேலே ஏறி நடந்தால்தான் அகலம் தெரியும். பல் எடுத்த இடத்தில் முதலில் போவது அகலம். ஆனால் நம் க்ளினிக்குகளில் கைக்கு எட்டும் கருவிகள் காட்டுவது உயரத்தை. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் எந்தக் கருவியையும் மதிப்பிட வேண்டும் என்பது என் கருத்து.

அகலம் ஏன் முதலில் போகிறது? பல்லின் குழியை உள்ளே வரிந்திருக்கும் மெல்லிய எலும்பு, பல்லை நம்பி இருக்கும் எலும்பு. வேரைச் சுற்றியுள்ள நார்களின் வழியாக அதற்கு இரத்தம் வருகிறது. பல்லோடு நாரும் போய்விட்டால் அதுவும் கரைந்துவிடும். மேல் முன்பற்களில் உதட்டுப் பக்கச் சுவர் பெரும்பாலும் 1 மில்லிமீட்டருக்கும் மெல்லியது. விளிம்பில் அது முழுக்கவே இந்த வகை எலும்புதான். அதனால் வெளிப்பக்கம் சீக்கிரம் சரிகிறது. அரௌஜோ, லிண்டே என்ற இரு ஆய்வாளர்கள் நாய்களில் செய்து 2005-ல் வெளியிட்ட ஆய்வில், 8 வாரத்தில் வெளிச்சுவரின் விளிம்பு உள்சுவரைவிட ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. மனிதர்களில் ஷ்ரோப் குழுவினர் 2003-ல் வெளியிட்ட ஆய்வு 46 பேரைத் தொடர்ந்து பார்த்தது. சராசரி 12 மில்லிமீட்டர் இருந்த அகலம் ஒரு வருடத்தில் 5.9 ஆனது. அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு முதல் 3 மாதத்திலேயே நடந்துவிட்டது. பிசான நடவுக்கும் அறுவடைக்கும் நடுவில் அண்ணாச்சி வாயில் நடந்ததும் இதுதான்.

சரி, கருவிகளுக்கு வருவோம்.

ஆர்விஜி, அதாவது வாய்க்குள் சென்சார் வைத்து எடுக்கும் சின்ன டிஜிட்டல் எக்ஸ்ரே, பெரும்பாலான க்ளினிக்குகளில் உண்டு. ஒரு பல் இடத்துக்குக் கதிர்வீச்சு மிகக் குறைவு, சில மைக்ரோசீவர்ட்தான். பக்கத்துப் பற்களின் ஓரத்தில் எலும்பு எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதை நன்றாகக் காட்டும். ஆனால் கன்னத்துப் பக்கச் சுவரும் உள்பக்கச் சுவரும் படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துவிடும். வெளிச்சுவர் முழுதும் போயிருந்தாலும் உள்சுவர் நின்றால் படம் அழகாகவே இருக்கும். ஆரம்ப வருடங்களில் நான் ஒரு கீழ்க் கடைவாய் இடத்தை இந்தப் படத்தை மட்டும் நம்பி, ஈறைப் பிரித்த பிறகு கத்தி முனைபோல் நின்ற எலும்பைப் பார்த்துத் திரும்ப மூடியிருக்கிறேன். அந்த அம்மாவிடம் அன்று விளக்கம் சொன்னது இன்னும் மறக்கவில்லை. இரண்டு படங்களை ஒப்பிட வேண்டுமானால் ட்யூபின் கோணமும் மாறக்கூடாது. பிடிமானக் கட்டையைக் கடிக்கவைத்து எடுக்காவிட்டால், கோண மாற்றமே எலும்பு குறைந்த மாதிரி காட்டும்.

ஓபிஜி என்பது முகத்தைச் சுற்றி வந்து எடுக்கும் பெரிய எக்ஸ்ரே. இரண்டு தாடையையும் ஒரே பார்வையில் தரும். அதற்குமேல் இந்த வேலைக்கு அதை நம்பவேண்டாம். படம் இயல்பிலேயே பெரிதாகி விழும், பக்கவாட்டு அளவு சரியாக வராது. 5 மில்லிமீட்டர் எஃகுக் குண்டு ஒன்றை வாயில் வைத்து எடுத்து, படத்தில் குண்டு எவ்வளவு ஆனது என்று பார்த்துக் கணக்கைத் திருத்தலாம். அப்போதும் கிடைப்பது உயரம்தான்.

அகலத்துக்குப் போட்டி உண்மையில் மூன்று வழிகளுக்குள்தான்.

முதலாவது, அச்சும் காலிப்பரும். பழைய வழி, செலவு குறைவு. தடிமனை இரு முனைகளுக்கு நடுவே பிடித்து அளக்கும் காலிப்பரை ஸ்டோன் மாடலில் வைத்தால் அகலம் வந்துவிடும். ஆனால் அது ஈறும் சேர்ந்த அகலம். மேலே சொன்ன ஷ்ரோப் ஆய்வின் அகலக் கணக்கும் மாடலில் அளந்ததுதான் என்பதை அந்த எண்ணைச் சொல்லும்போது நினைவில் வைக்கவேண்டும். எலும்பை மட்டும் அளக்க, மரத்துப்போக ஊசி போட்டு, கூர்முனைக் காலிப்பரை இருபக்கமும் ஈறுக்குள் எலும்பைத் தொடும்வரை அழுத்த வேண்டும். அல்லது ரப்பர் வளையம் கோத்த மெல்லிய ஊசியை ஈறில் குத்தி, எலும்பு தட்டியதும் வளையத்தை ஈறோடு ஒட்டித் தள்ளிவிட்டு வெளியே எடுத்து ஸ்கேலில் வைப்பேன். அண்ணாச்சிக்கு அப்படித்தான் பார்த்தேன். மாடலில் 8.5 மில்லிமீட்டர். அண்ணப் பக்கம் ஈறு 3, கன்னத்துப் பக்கம் 1. மிச்சம் 4.5. இதில் இரண்டு எச்சரிக்கை உண்டு. மருந்து இறங்கி ஈறு உப்பியிருக்கும்போது குத்தினால் கனம் கூடிக் காட்டும். அப்புறம், ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் குத்தவேண்டும். துளை போட்ட அக்ரிலிக் தகடு ஒன்றைப் பற்கள்மேல் மாட்டிக்கொண்டால்தான் அது முடியும்.

இரண்டாவது சிபிசிடி, அதாவது தாடைக்கான முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேன். 1990-களின் கடைசியில் பல் மருத்துவத்துக்கு வந்த இது தாடையைக் குறுக்காக வெட்டிக் காட்டும். உயரம், அகலம், சைனஸ் எங்கே, நரம்பு எங்கே, எலும்பு எந்தப் பக்கம் குடைந்திருக்கிறது, எல்லாம் ஒரே எடுப்பில். என் க்ளினிக்கில் இல்லை, திருநெல்வேலிக்கு அனுப்புகிறேன். அண்ணாச்சி ஒரு காலை வேளையை அதற்குச் செலவழித்து குறுந்தட்டோடு வந்தார். அகலம் 4.6 என்று வந்தது, என் ஊசிக் கணக்குக்குப் பக்கத்திலேயே.

ஆனால் சிபிசிடி காட்டுவதெல்லாம் வேதவாக்கு என்று எடுக்கக்கூடாது. படத்தின் மிகச்சிறிய கட்டம் 0.2 மில்லிமீட்டர் என்றால், அரை மில்லிமீட்டர் சுவர் மங்கிப் போகலாம், இல்லாததாகவே தோன்றலாம். பக்கத்தில் உலோகக் கேப் இருந்தால் கோடுகள் சிதறும். நோயாளி எச்சில் விழுங்கினாலே படம் கலங்கும். கதிர்வீச்சும் மெஷினையும் எடுக்கும் பரப்பையும் பொறுத்துச் சில பத்து மைக்ரோசீவர்டிலிருந்து பல நூறுவரை போகும். அதனால் இம்ப்ளாண்ட் திட்டமிட ஒரு தடவை, தேவையான இடத்தை மட்டும் எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுப்பேன். எலும்பு எவ்வளவு கரைந்தது என்று பார்ப்பதற்காக மட்டும் மூன்று மாதத்துக்கு ஒன்று எடுப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மூன்றாவது, வாய்க்குள் விடும் ஸ்கேனர். கதிர்வீச்சே இல்லை, அச்சு மாவை வாயில் வைத்துக் குமட்ட வேண்டியதும் இல்லை. பல் எடுக்கும் முன் ஒன்று, பிறகு ஒன்று என்று இரண்டு கோப்புகளை, மாறாத பக்கத்துப் பற்களை வைத்து ஒன்றன்மேல் ஒன்று பொருத்தினால், குறைந்த இடம் நிறம் மாறித் தெரியும். ஒரு பல், இரண்டு பல் இடைவெளிக்கு இதன் நுணுக்கம் அருமை. மாதாமாதம் கூட எடுக்கலாம். குறை ஒன்றுதான், அதுவும் சின்னதில்லை: ஸ்கேனர் பார்ப்பது ஈறின் மேல்தோலை. எலும்பு கரைந்த இடத்தில் ஈறு தடித்துவிட்டால் இழப்பு குறைவாகத் தெரியும். எல்லாப் பல்லும் போன வாயில் பொருத்திப் பார்க்க மாறாத அடையாளமே கிடைக்காது.

பல் செட் போட்டிருக்கும் ஆச்சிமார் விஷயமே வேறு. "மேல் செட்டு நிக்கி, கீழ் செட்டு ஆடுதே தாயி" என்று வருடாவருடம் வருவார்கள். டால்கிரென் என்ற ஆய்வாளர் 1972-ல் எழுதிய கட்டுரை, முழு செட் போட்டவர்களைப் பக்கவாட்டு எக்ஸ்ரேயில் 25 வருடம்வரை தொடர்ந்தது. கீழ்த்தாடையின் முன்பகுதி மேல்தாடையைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு கரைந்ததாகக் கண்டார். இம்ப்ளாண்ட் யோசனை இல்லாத ஆச்சிக்கு சிபிசிடி வேண்டியதில்லை. விரலால் தடவிப் பார்த்து, தேவைப்பட்டால் ஒரு ஓபிஜி போதும்.

ஒரே ஒரு பல், இம்ப்ளாண்ட் எண்ணம் உண்டு என்றால் என் தேர்வு இது: பல் எடுக்கும் முன் அச்சு அல்லது ஸ்கேன், 3 மாதம் கழித்து இன்னொன்று, அப்புறம் முடிவெடுக்கும் நேரத்தில் ஒரே ஒரு சிபிசிடி. 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள இம்ப்ளாண்டுக்கு இருபக்கமும் குறைந்தது 1 மில்லிமீட்டர் எலும்பாவது மிஞ்ச வேண்டும், அதாவது 6. அண்ணாச்சிக்கு 4.6. எலும்புத்தூள் வைத்து அகலப்படுத்திவிட்டு, காத்திருந்து வைப்போம் என்று பேசி முடித்திருக்கிறோம். ஆர்விஜியில் அவருடைய உயரம் ஒரு குறையும் இல்லாமல் இருந்தது.

இதில் எந்தக் கருவியாலும் திரும்ப எடுக்க முடியாதது பல் எடுப்பதற்கு முந்தைய அளவு. வேறு இடத்தில் பல்லை எடுத்துவிட்டு என்னிடம் வருபவர்களிடம் பழைய மாடலோ ஸ்கேன் கோப்போ இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் இருக்காது. பல் எடுக்கப் போகிறவர்கள் அன்றைக்கே ஒரு அச்சு எடுத்து, தேதி எழுதிக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு மாடலுக்கு ஆகும் நேரம் பத்து நிமிடம்.