குவார்ட்ஸைட்டில் பேட்டரி வாங்கப் போகிறீர்களா? முதலில் தூக்கிப் பாருங்கள்

அரிசோனாவின் குவார்ட்ஸைட் பக்கம் குளிர்காலத்துக்கு ஆர்.வி. (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி) ஓட்டிக்கொண்டு போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் தங்கியது லா போசாவில், அமெரிக்க மத்திய அரசின் நில மேலாண்மைத் துறைக்குச் சொந்தமான பாலைநிலம். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்க 180 டாலர்தான் கட்டினோம். அந்தக் காசுக்குக் குடிநீர் பிடிக்கவும் கழிவுத் தொட்டியைக் காலி செய்யவும் இடம் உண்டு. கரண்ட் மட்டும் கிடையாது. சோலார், பேட்டரி, ஜெனரேட்டர் எல்லாம் நம் பாடு.

ஜனவரியில் ஊரில் ஆர்.வி. கண்காட்சி நடக்கும். சாலையோரம் முழுக்கத் தற்காலிகக் கடைகள் முளைத்துவிடும். அப்படி ஒரு நீலத் தார்ப்பாய்க் கடையில்தான் மாட்டினேன். 100 ஆம்பியர்-ஹவர் (பேட்டரி எவ்வளவு கரண்டைச் சேமிக்கும் என்பதன் அளவு) லித்தியம் பேட்டரி இரண்டு, பொருத்திக் கொடுப்பது உட்பட 450 டாலர், ரொக்கம் மட்டும். பில் கேட்டதற்கு, "மெயிலில் அனுப்புகிறேன்" என்றார். பேட்டரியை ஒற்றைக் கையால் தூக்கி வைத்தார். என் பழைய ஈய பேட்டரியைத் தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்ட ஞாபகத்தில் நான் அதைப் பார்த்து வியந்துகொண்டு நின்றேன், பாருங்கள்!

நான்காம் நாள் பகல் முழுக்க மேகம். அன்று இரவு இரண்டு மணிக்கு மனைவி எழுப்பினாள். "என்னங்க, ஹீட்டர் நின்னுபோச்சு." எரிவாயு இருக்கிறது, ஆனால் விசிறி சுற்றக் கரண்ட் இல்லை. வெளியே 3 டிகிரி. ஜெனரேட்டரைப் போடலாமென்றால் இரவு பத்து முதல் காலை ஆறு வரை சத்தம் கூடாது என்பது அங்கே விதி. இருந்த கம்பளியையெல்லாம் போர்த்திக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தோம்.

காலையில் கடைக்குப் போனால், "குளிரில் லித்தியம் அப்படித்தான், வெயில் வந்தால் சரியாகிவிடும்" என்றார். இதில் பாதி உண்மை இருப்பதுதான் கொடுமை. உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது, சரி. ஆனால் அந்தக் குளிரிலும் அது கரண்ட் கொடுக்கும். தவிர, எங்கள் பேட்டரி அறையில் அப்போது 6 டிகிரி இருந்தது. இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அன்று தலையாட்டிவிட்டுத் திரும்பினேன்.

பக்கத்து வண்டிப் பெரியவர்தான் கண்டுபிடித்தார். விமானப் பயணத்துக்குப் பெட்டி நிறுக்கும் கைத்தராசில் எங்கள் பேட்டரியைத் தொங்கவிட்டார்: 6 கிலோ. அதே அளவு என்று எழுதியிருந்த அவருடையது 11 கிலோ. முழுக்கச் சார்ஜ் ஏற்றி, மீட்டர் வைத்துச் சார்ஜ் தீரும்வரை இறக்கிப் பார்த்தோம். ஒன்று 41 ஆம்பியர்-ஹவர் கொடுத்தது, மற்றது 38. பெரிய கூட்டுக்குள் சின்ன செல்கள்.

மறுபடி போனபோது கடை இருந்த இடத்தில் டயர் தடமும் நாலு முளைக்குச்சியும்தான் கிடந்தன. போனும் எடுக்கவில்லை.

நிரந்தரக் கடையில் கார்டு போட்டு வாங்குங்கள், கண்டிப்பாக பில் வாங்குங்கள். பொருத்தும் முன்பே எடை போடுங்கள். 100 என்று எழுதியது பத்து கிலோவுக்கு வெகுவாகக் குறைந்தால் வண்டியில் ஏற்றாதீர்கள். கண்காட்சி முடிந்ததும் கிளம்பிவிடுகிற கடைக்கு உத்தரவாத அட்டை இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன. அடுத்த ஜனவரியில் அந்த நீலத் தார்ப்பாயை யாராவது பார்த்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். தராசோடு வருகிறேன்.