பெயின்டுக்கு அடியில் இருந்த வெல்டிங்: ஸ்டியரிங் ஷாஃப்டை மாற்றக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

பழைய கார் ஒன்றைக் குறைந்த செலவில் ரேஸுக்காக மாற்றிக்கொண்டிருக்கிறேன். ரோல் கேஜுக்காக (கார் உருண்டால் ஓட்டுநரைக் காக்கும் கம்பிக்கூண்டு) சீட்டைப் பின்னால் தள்ளியதில் ஸ்டியரிங் கைக்கு எட்டவில்லை. வீலிலிருந்து கீழே போகும் தண்டான ஷாஃப்டை நீட்ட வேண்டும், வீலைச் சட்டென்று கழற்ற குவிக் ரிலீஸும் வைக்க வேண்டும். மற்ற வேலைகளை எல்லாம் நானே செய்தேன். இதை மட்டும் செய்யப் பயந்து, ரேஸ் கார் வேலை தெரியும் என்று சொன்ன ஒரு பட்டறையில் கொடுத்தேன். ஒட்டும் இடத்தில் ஸ்லீவ் (தண்டின் மேல் மாட்டும் உறைக்குழாய்) போடுங்கள், மோதலில் ஓட்டுநரைக் குத்தாமல் சுருங்கி உள்வாங்கும் பகுதியைத் தொடாதீர்கள் என்று தெளிவாகச் சொன்னேன். “அதெல்லாம் பார்த்துக்கொள்கிறோம் சார்” என்றார்கள்.

கார் திரும்பி வந்தபோது ஷாஃப்ட் முழுக்கக் கறுப்பு பெயின்ட், பார்க்க அவ்வளவு நேர்த்தி. ஆனால் ஓட்டினால் ஸ்டியரிங் ஒரு சுற்றுக்குள் இரண்டு தடவை கனத்து, இரண்டு தடவை லேசானது. போனில் கேட்டேன். புது ஜாயிண்ட், ஓடினால் பழகிவிடும் என்றார்கள். நம்பி இரண்டு வாரம் ஓட்டினேன். இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

அந்த “இரண்டு தடவை” என்பதே பெரிய தடயம். இரண்டு தண்டுகளைச் சாய்வாக இணைக்கும் யூனிவர்சல் ஜாயிண்ட் அப்படிச் சாய்ந்து சுற்றும்போது வேகம் சீராக இருக்காது. 30 டிகிரி சாய்வில் ஒரே ஜாயிண்ட் என்றால், ஒவ்வொரு சுற்றிலும் மறுமுனை இரண்டு தடவை சுமார் 15 சதவீதம் வேகமாகவும், இரண்டு தடவை சுமார் 13 சதவீதம் மெதுவாகவும் சுற்றும். இரண்டாவது ஜாயிண்டை அதே சாய்வில், நடுத் தண்டின் இரு முனைக் கவைகளும் (ஜாயிண்டைப் பிடிக்கும் இரட்டைக் கிளைகள்) ஒரே நேராக நிற்கும்படி வைத்தால் ஒன்றின் குறையை மற்றது சரிசெய்துவிடும். இவர்கள் 90 டிகிரி திருப்பி வைத்துவிட்டார்கள். குறை தீருவதற்குப் பதில் இரட்டிப்பானது.

ரேஸ் கார் கட்டும் நண்பர் ஒருவரிடம் காட்டினேன். அவர் முதலில் செய்தது பெயின்டைச் சுரண்டியதுதான். ஸ்லீவ் இல்லை. இரண்டு முனைகளையும் முட்டவைத்து மேலோடு வெல்டு வைத்து, கிரைண்டரால் மழித்திருந்தார்கள். மழித்ததில் வெல்டில் இருந்த கொஞ்சநஞ்ச கனமும் போய்விட்டது. ஷாஃப்டைக் கழற்றி வைஸில் பிடித்து, கம்பி போட்டு முறுக்கினார். இரண்டாவது முறுக்கில் இரண்டு துண்டு. உடைந்த முகத்தில் ஓரம் மட்டும்தான் உருகிச் சேர்ந்திருந்தது, நடுவெல்லாம் வெட்டிய தடம் அப்படியே தெரிந்தது. பக்கத்திலிருந்த ஜாயிண்டைக் கழற்றாமலே வெல்டு வைத்ததால் அதன் ஊசி பேரிங்கில் கிரீஸ் கருகிக் காய்ந்திருந்தது.

எனக்கு ஆத்திரம் வந்தது அடுத்ததைப் பார்த்தபோதுதான். ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து சுருங்க வேண்டிய பகுதியையும் சுற்றிலும் வெல்டு வைத்து இறுக்கிவிட்டார்கள். அமெரிக்காவில் 1968 முதலே இதற்கு விதி இருக்கிறது: மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதினால் ஸ்டியரிங் காலம் (column, வீலைத் தாங்கும் தண்டுப் பகுதி) ஓட்டுநரை நோக்கி 127 மில்லிமீட்டருக்கு மேல் வரக்கூடாது. என் காரில் இருந்ததோ நெஞ்சைப் பார்த்து நீட்டிய ஒரே கம்பி.

பட்டறைக்குப் போனேன். ரேஸ் என்றாலே ஆபத்துதானே என்றார் முதலாளி. பில்லில் “வெல்டிங் வேலை” என்று மட்டும் எழுதியிருந்ததால் ஸ்லீவ் பற்றி நான் சொன்னதற்கு ஆதாரமில்லை. பணம் திரும்ப வரவில்லை.

இனி கொடுப்பவர்கள், என்ன வேலை என்பதைப் பில்லில் முழுதாக எழுதி வாங்குங்கள். பெயின்ட் அடிக்கும் முன் நான் பார்க்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஸ்லீவின் இரு ஓரங்களிலும் வெல்டு இருக்கிறதா, ஸ்லீவில் துளையிட்டு அந்தத் துளைகளையும் வெல்டால் நிரப்பியிருக்கிறதா, மூன்று ஜாயிண்ட் என்றால் நடுத் தண்டைத் தாங்க பேரிங் இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் வெல்டே வேண்டாம். இரு முனையும் ஸ்ப்லைனில் (பல் வெட்டிய முனையில்) நுழைந்து போல்ட்டால் பிடிக்கும் ஷாஃப்ட் போடுங்கள். நான் இப்போது அதைத்தான் போட்டிருக்கிறேன், உள்வாங்கும் பகுதியும் புதிது.

ஏற்கெனவே இப்படிச் செய்து வாங்கி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், இன்றைக்கே ஒரு உப்புத்தாளை எடுத்து அந்த பெயின்டைத் தேய்த்துப் பாருங்கள். அதுவரை காரை எடுக்காதீர்கள்.