சிபிஎம், பெர்ட்: கட்டுமான சைட்டில் நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

கட்டட வேலையில் பிளானிங் பக்கம் வந்ததிலிருந்து என்னோடு தொடர்ந்து வரும் கருவி சிபிஎம் (கிரிட்டிகல் பாத் மெத்தட்) நெட்வொர்க்தான், அதாவது எந்த வேலை எதற்குப் பிறகு என்று அம்புக்குறிகளால் காட்டும் படம். கூடவே படித்த இன்னொரு திட்டமிடல் முறையான பெர்ட்டை அபூர்வமாகத்தான் எடுக்கிறேன். கல்லூரியில் இரண்டையும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே பாடத்தில் நடத்தி விடுகிறார்கள். பிறந்த இடமே வேறு. 1950களின் பிற்பகுதியில் டூபான்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் ரசாயன ஆலை வேலைகளுக்காக உருவாக்கியது சிபிஎம். பழகிய வேலை என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஒரே கால அளவு போதும். பெர்ட் 1958இல் அமெரிக்கக் கடற்படையின் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக வந்தது. அதுவரை யாரும் செய்யாத வேலை, அதனால்தான் ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நாள் என்று மூன்று மதிப்பீடுகள் கேட்கிறது.

இத்தனை வருடத்தில் எனக்கு சிபிஎம்மில் பிடித்தது, அது தரும் தேதிகள் அல்ல. எது எதற்காகக் காத்திருக்கிறது என்று எல்லோரையும் வாய்விட்டுச் சொல்ல வைக்கிறதே, அதுதான். கணினியைத் திறப்பதற்கு முன் சென்ட்ரிங், கம்பி, எலக்ட்ரிகல், பிளம்பிங் ஆட்களை உட்கார வைத்து ஒரே கேள்வி கேட்பேன்: "உங்க வேலை ஆரம்பிக்க யார் எதை முடிச்சுக் கொடுக்கணும்?" கம்பி கட்டியதும் கான்கிரீட் என்றுதான் எல்லா பார் சார்ட்டிலும் (ஒவ்வொரு வேலையையும் தேதிக்கு எதிரே ஒரு பட்டையாகக் காட்டும் அட்டவணை) இருக்கும். ஆனால் கீழ்க் கம்பி முடிந்து மேல் கம்பி கட்டுவதற்குள் எலக்ட்ரீஷியன் பைப் போட்டாக வேண்டும். அந்த இடைவெளியில் அவர் வரவில்லை என்றால் கம்பி கட்டுகிறவர்கள் சும்மா நிற்பார்கள். இந்த அம்புக்குறி பார் சார்ட்டில் தெரியாது, நெட்வொர்க் வரையும்போதுதான் வெளியே வரும்.

இன்னொரு பெரிய ஆதாயம், பணத்தை எங்கே போடுவது என்று காட்டுவது. தளத்தின் ஸ்பான் (இரண்டு தாங்கிகளுக்கு இடையிலான தூரம்) 4.5 மீட்டருக்கு மேல் போனால், சாதாரண போர்ட்லாண்ட் சிமென்ட்டுக்கு, தளத்தைக் கீழிருந்து தாங்கும் முட்டுகளை 14 நாள் எடுக்கக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456. கையில் ஒரே செட் முட்டுதான் என்றால் அடுத்த தளம் இதற்காகக் காத்திருக்கும். கிரிட்டிகல் பாத், அதாவது மொத்த வேலை முடியும் நாளைத் தீர்மானிக்கும் நீளமான பாதை, அப்போது ஆட்கள் வழியாகப் போகவில்லை, முட்டு வழியாகப் போகிறது. கம்பி வேலைக்கு இரட்டை ஷிப்ட் போட்டாலும் ஒரு நாள்கூட மிச்சமாகாது. இரண்டாவது செட்டை வாடகைக்கு எடுத்தால் பாதை வேறு பக்கம் மாறும். வேலை தாமதமானால் முதலாளிகள் முதலில் கேட்பது "இன்னும் ஆள் போடலாமா" என்பதுதான். அதற்குப் படத்தைக் காட்டி "வேண்டாம் சார், முட்டு போடலாம்" என்று சொல்ல முடிந்ததே இந்த முறைக்கு நான் கொடுக்கும் முதல் மதிப்பெண்.

இதிலேயே ஒரு பொறி உண்டு. அந்த 14 நாளை இரண்டு வேலைகளை இணைக்கும் அம்புக்குறியில் காத்திருக்கும் இடைவெளியாகப் போட்டு, ஞாயிறு விடுமுறை உள்ள காலண்டரில் விட்டால் மென்பொருள் அதை 16, சில சமயம் 17 நாளாக்கி விடும். கான்கிரீட்டுக்கு ஞாயிறு லீவு கிடையாது. இடைவெளி எந்தக் காலண்டரில் ஓடுகிறது என்பதை முதலில் பாருங்கள்.

ஃப்ளோட், அதாவது ஒரு வேலையைத் தள்ளிப்போடக் கிடைக்கும் நாட்கள், அந்த விஷயத்தில்தான் சண்டை அதிகம். மொத்தத் திட்டம் முடியும் தேதி தள்ளாமல் கிடைக்கும் டோட்டல் ஃப்ளோட் என்பது ஒரு வேலையின் சொத்து இல்லை, அந்தப் பாதையில் வரும் எல்லா வேலைக்கும் பொது. பத்து நாள் இருக்கிறது என்று பிளம்பரிடம் சொன்னால் அவரே பத்தையும் தின்று விடுவார். பின்னால் வரும் டைல்ஸ்காரர் ஒரு நாள்கூட அசைய முடியாமல் கிரிட்டிகலில் மாட்டிக்கொள்வார். அதனால் சைட்டில் நான் சொல்வது ஃப்ரீ ஃப்ளோட் மட்டும். அடுத்த வேலையைத் தொடாமல் தள்ளக்கூடிய நாள் அவ்வளவுதான். மீதி என் நோட்டில் இருக்கும்.

வாராந்தர அப்டேட்டில் எத்தனை சதவீதம் முடிந்தது என்று கேட்பதை விட்டுவிட்டேன். பூச்சு வேலை 90 சதவீதத்தைச் சீக்கிரம் தொட்டுவிட்டு, அப்புறம் வாரக்கணக்கில் அங்கேயே நிற்கும். இன்னும் எத்தனை நாள் வேண்டும் என்று கேட்டால் பதில் ஓரளவு நேர்மையாக வருகிறது. நெட்வொர்க்குக்குத் தேவையும் அந்த எண்தான்.

சரி, பெர்ட். ஒரு வேலைக்கு வேகமாக 6 நாள், சாதாரணமாக 8, மோசமானால் 16 என்றால், நடுவில் உள்ளதை நான்கால் பெருக்கி மற்ற இரண்டையும் கூட்டி ஆறால் வகுத்து 9 நாள் என்கிறது. சூத்திரம் எளிது. மோசமானால் எவ்வளவு என்று உண்மையாகச் சொல்லும் ஆளைப் பிடிப்பதுதான் கஷ்டம். இன்னொரு குறை கணக்கிலேயே இருக்கிறது. தனித்தனியாக ஓடும் இரண்டு பாதைகள் ஓரிடத்தில் சேர்கின்றன, குறித்த நாளுக்குள் முடிய ஒவ்வொன்றுக்கும் 50 சதவீத வாய்ப்பு என்று வையுங்கள். இரண்டும் முடிய வாய்ப்பு 25 சதவீதம்தான். நீளமான பாதையை மட்டும் பார்க்கும் பெர்ட் இதைக் கவனிக்காது, அதனால் அது தரும் தேதி எப்போதும் கொஞ்சம் இனிப்பாக இருக்கும். அனுமதி, மின் இணைப்பு, சான்றிதழ் மாதிரி நம் கையில் இல்லாதவற்றுக்கு மட்டும் மூன்று மதிப்பீடு போடுகிறேன்.

மென்பொருளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சின்ன வேலைக்கு மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் போதும், ஒப்பந்தத்தில் கேட்டிருந்தால் பிரைமவேரா என்ற பெரிய மென்பொருள். எதுவானாலும் தேதிகளைக் கையால் பூட்டி வைக்காதீர்கள், பூட்டிய இடத்தில் அம்புக்குறி வேலை செய்யாது. தேர்வுக்குப் படித்த டம்மி அம்புகளை (வேலை எதுவும் இல்லாமல் வரிசையை மட்டும் காட்டும் அம்புகள்) சைட்டில் நான் வரைந்ததே இல்லை. 1961இலேயே ஸ்டான்ஃபோர்டின் ஜான் ஃபான்டால், வேலையைக் கட்டத்துக்குள் வைக்கும் முறையைக் காட்டி அந்தத் தேவையை ஒழித்துவிட்டார்.

ஒரே மாதிரி இருபது மாடி என்றால் மட்டும் சிபிஎம்மை நம்பி இறங்காதீர்கள். ஒரே படம் இருபது தடவை திரும்பும், குழுக்களின் வேகம் ஒத்துப்போகிறதா என்பது அதில் தெரியவே தெரியாது. அங்கே ஒவ்வொரு குழுவும் மாடி மாடியாக ஏறும் வேகத்தைக் கோடாகக் காட்டும் லைன் ஆஃப் பேலன்ஸ் போட்டுவிட்டு, அஸ்திவாரத்துக்கும் கடைசிக் கட்ட இணைப்பு வேலைகளுக்கும் மட்டும் சிபிஎம் வைத்துக்கொள்கிறேன்.