கருப்பா, சிவப்பா? ஒரே ஒரு கரன்ட் செடிக்குத்தான் இடம் என்றால்

பிரிட்டனில் வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களுக்கு வரும் குழப்பம் இது. (கரன்ட் என்பது கொத்துக்கொத்தாகச் சின்னச் சின்னப் புளிப்புப் பழம் காய்க்கும் புதர்ச்செடி; பழத்தின் நிறத்தை வைத்துக் கருப்பு, சிவப்பு என்பார்கள். நம் கடைகளில் அதே பெயரில் கிடைக்கும் உலர்திராட்சை வேறு, இது வேறு.)

இடம்: கருப்பு அகலமாகப் புதராகும், ஒன்றரை மீட்டராவது விட வேண்டும். சிவப்பைச் சுவரோரம் ஒற்றைத் தண்டாக ஏற்றிவிடலாம், 40 செ.மீ. போதும்.

வெயில்: கருப்பு நல்ல வெயில் கேட்கும். சிவப்பு வடக்குச் சுவர் நிழலிலும் காய்க்கும், கொஞ்சம் தாமதமாகப் பழுக்கும், அவ்வளவுதான்.

கவாத்து: பலரும் கோட்டை விடுவது இங்கேதான். கருப்பு, போன வருடம் விட்ட இளங்கிளையில்தான் நன்றாகக் காய்க்கும். அதனால் குளிர்காலத்தில் கறுத்துப்போன பழைய கிளைகளில் மூன்றில் ஒன்றை அடியோடு வெட்ட வேண்டும். சிவப்பையும் அப்படி வெட்டினால் போச்சு. அது பழைய கிளையின் குட்டை முளைகளில் காய்ப்பது. பக்கக் கிளைகளை ஓரிரு மொட்டு விட்டுக் குறைத்து, முக்கியக் கிளைகளின் நுனியை மட்டும் வெட்ட வேண்டும். நடும்போதும் கருப்பைத் தொட்டி மட்டத்தைவிட 5 செ.மீ. ஆழமாக நட்டால் அடியிலிருந்து புதுக்கிளை வரும். சிவப்புக்கு அது வேண்டாம்.

பறவை: இரண்டுக்கும் வரும். ஆனால் விதை தெரியக் கண்ணாடி மாதிரி மினுங்கும் சிவப்புக்கு வலை இல்லாவிட்டால் ஒரு கொத்தும் மிஞ்சாது.

ஜாமும் பானமும் வேண்டும், வெயிலும் இருக்கிறது என்றால் கருப்பு. ஜெல்லிக்கு, குறுகலான நிழல் மூலைக்குச் சிவப்பு. எனக்குக் கருப்புதான், இலையைக் கசக்கினால் வரும் அந்த வாசனைக்காகவே.